கொம்பறையும் குடிமனையும்

முன்னாளில் வன்னிக் குடியானவன் ஒருவனுடைய வளவுக்குள் புகுந்தவன் முதலிற் கண்டது வீட்டையன்று; கொம்பறையையே. மரக்குற்றிகளின்மேல் நிலத்தைவிட்டு உயர்த்தி, தடிகளை வட்டமாக வரிந்து பின்னி, களிமண்ணுஞ் சாணமுங் குழைத்து மெழுகி, வைக்கோற் கூரையைக் கூம்பாகக் கவிழ்த்துவிட்ட நெற் களஞ்சியம் அது. உயரத்திலே ஒரு சிறு வாயில். அதனூடே முதலில் இறங்குவது யாரென்று சிறுவர்களாகிய நாங்கள் போட்டியிடுவோம். உள்ளே இருட்டும் நெல்லின் வெதுவெதுப்பும். கீழே கோழியும் நாயும் நிழல் கண்டு படுத்திருக்கும். பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் கொம்பறைகளை எண்ணிக்கொள்வார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லுவாள்.

வீடோ எளிமையானது. பாலை, முதிரை, வீரை ஆகிய காட்டு மரங்களின் வைரமேறிய கப்புகளை நிலத்திலே நாட்டி, வளைகளை ஏற்றி, ஆத்திநாராலும் காட்டுக் கொடியாலும் வரிந்து கட்டினார்கள். பாலை நீரில் அமிழும் பாரமுடையது. கறையானும் அதனிடம் எளிதில் வாலாட்டாது. சுவரும் குந்தும் மண். கூரை வைக்கோல் அல்லது கிடுகு. முன்னே மால், பின்னே தனித்ததோர் அடுக்களை. வயலோர மரத்திலே யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்க ஒரு பரண். இவ்வளவே வன்னியானின் கட்டடக் கலை.

இவற்றைத் திறந்தவெளி அரும்பொருட் காட்சிச்சாலை ஒன்றிலே பேணலாகாதா என்று கேட்போர் உளர். நல்ல கேள்விதான். சுவீடன் நாட்டிலே ஆர்தர் ஹசேலியஸ் என்பார் 1885இல் மோரா என்னும் ஊரிலிருந்து ஒரு மரவீட்டை விலைக்கு வாங்கினார். 1891இல் ஸ்ரொக்ஹோம் நகரில் அவர் நிறுவிய ஸ்கான்சன் காட்சிச்சாலைக்கு அந்த வீடே வித்து. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் அவ்வழியிலே பிறந்ததே. இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, உறுப்பு உறுப்பாகக் கழற்றிக் கொணர்ந்து, அங்கே மீளப் பொருத்தியிருக்கிறார்கள். கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீடொன்றை ஆங்கு கண்டேன். அதன் நெல்லறையும் மரமே. பலகையைத் தடவிப் பார்த்தபோது எனக்கு எங்கள் கொம்பறைதான் நினைவுக்கு வந்தது.

ஆயின் ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. அவ்வீடுகள் பொருத்தினால் நிற்பவை, கழற்றினால் பெயர்பவை. துண்டுகளுக்கு இலக்கமிட்டு வண்டியிலேற்றலாம். நம்முடையதோ மண்ணிலே வேரூன்றிய வீடு. அதனைக் கழற்றினால் மிஞ்சுவது சில கப்புகளும், ஒரு கதவு நிலையும், ஒரு குவியல் மண்ணுமே.

அப்படியும் வன்னி மக்கள் தம் வீடுகளைக் கழற்றியதுண்டு. காட்சிச்சாலைக்காகவன்று. 2008ஆம் ஆண்டிலே போர் நெருங்க நெருங்க, கூரைத் தகரத்தையும் ஓட்டையும் கதவு நிலையையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு கிழக்கே கிழக்கே நகர்ந்தார்கள். ஒவ்வோரிடத்திலும் இறக்கி, மறைப்புக் கட்டி, மறுபடியும் ஏற்றினார்கள். 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தபோது நிலையுமில்லை, தகரமுமில்லை.

மீண்டு வந்தவர்களுக்குப் பின்னர் இந்திய உதவியில் 550 சதுர அடிக் கல்வீடுகள் கிடைத்தன. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபா, கட்டுவித்தவர் குடும்பத்தாரே. தறப்பாளின் கீழ் மாரியைக் கழித்தவன் சீமெந்துச் சுவரைப் பழிக்கமாட்டான், நானும் பழிக்கவில்லை. 2016இல் அறுபத்தையாயிரம் இரும்பு வீடுகள் தருவோம் என்று ஒரு திட்டம் வந்தபோது மாத்திரம், இந்த வெயிலுக்கு அவை ஒவ்வா என்ற எதிர்ப்பு எழுந்தது. வெயிலுக்கு ஏற்ற வீடு எது என்று அறிந்தவர்கள் அன்றும் நம்மிடையே இருந்தார்கள்.

அந்த அறிவைத்தான் பேணவேண்டும் என்பேன், கட்டடத்தையன்று. யப்பான் நாட்டு ஈசே ஆலயம் இதற்கு நல்ல சான்று. அதன் தூண்களும் நம் கப்புகளைப்போல நேரே நிலத்தில் நாட்டப்பட்டவை, கூரையும் புல்லே. இருபது ஆண்டுக்கொருமுறை பக்கத்து நிலத்தில் அதனைப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டியது அறுபத்திரண்டாவது முறை. மரம் புதிது, தச்சனின் கை மாத்திரம் பழையது. வன்னியிலும் ஒரு வளவை ஒதுக்கி, காட்டிலாகாவின் அனுமதியோடு கப்பும் தடியும் பெற்று, சில ஆண்டுக்கொருமுறை இளைஞரைக்கொண்டு மாலையும் கொம்பறையையும் கட்டுவித்தால் என்ன?

இவ்வெண்ணத்தோடு முள்ளியவளைப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் போனேன். கொம்பறை கட்டத் தெரியுமா என்றதும் விறகிலே நாலு சுள்ளிகளை உருவி, முற்றத்து மணலில் வட்டமாக நட்டு, வரிச்சு ஓடும் விதத்தைக் காட்டினார். விரல்கள் நடுங்கின, பின்னல் பிசகவில்லை.

"தடியைக் கொண்டு வா தம்பி, பொடியளையும் கூட்டிக்கொண்டு வா. நான் இருந்து சொல்லித் தாறன்" என்றார். பிறகு வயற்பக்கம் கையைக் காட்டினார். வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வரம்போரத்திலே வியாபாரியின் லொறி ஈர நெல்லை அப்படியே ஏற்றிக்கொண்டு நின்றது.

"அது சரி, உள்ளுக்குப் போட நெல்லுக்கு எங்கை போவாய்?"

அதற்கு விடை என்னிடமில்லை. அடுத்த வாரம் தடியோடு வருகிறேன் என்று மாத்திரம் சொல்லி வந்திருக்கிறேன்.