ஓட்ஸ் வாத்தும் லூபின் வயலும்

போலந்து தேசத்திலிருந்து ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் ஜெர்மனிக்கு ஏற்றுமதியாகும் கூஸ் வாத்துகளுக்கு, ஆயுளின் கடைசி மூன்று வாரங்களை ஓட்ஸ் தானியத்தைத் தின்றே கழித்தவை என்ற கீர்த்தி உண்டு. நவம்பர் 11-ஆம் தேதி வரும் புனித மார்ட்டின் திருநாளிலும், பிறகு கிறிஸ்துமஸிலும் கூஸ் வறுவல் உண்பது ஜெர்மானியரின் சம்பிரதாயம். மேற்றிராணியார் பதவிக்கு அஞ்சி ஒளிந்துகொண்ட மார்ட்டினை வாத்துகளின் கூச்சல் காட்டிக்கொடுத்துவிட்டது என்று கதை சொல்வார்கள். அந்த ஒரு குற்றத்துக்கு இத்தனை நூற்றாண்டுத் தண்டனை சற்று அதிகம்தான்.

இப்பறவைகளின் பூர்வீகம் போலந்து அல்ல. 1962-இல் டென்மார்க்கிலிருந்து தருவிக்கப்பட்ட வெள்ளை இத்தாலிய இனத்தை, குயாவி பிரதேசத்திலுள்ள கோவுடா வியெல்கா என்னும் ஊரின் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்ததன் பலனே இன்றைய வெள்ளைக் கோவுடா இனம். முட்டை அதிகம் இடும் பெட்டைகளை ஒரு வரிசையாகவும், சதைப்பற்று மிகுந்த ஆண்களை இன்னொரு வரிசையாகவும் காத்துவந்து, இரண்டையும் இணைத்துப் பெறும் குஞ்சுகளையே விவசாயிகள் மாமிசத்துக்காக வாங்குகிறார்கள். கூஸ், கோழியைப் போல ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. குளிர்காலத்தின் கடைசியில் தொடங்கி வேனிலோடு நிறுத்திவிடும். முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதமும் குஞ்சு வளர்ந்து முற்றப் பதினேழு வாரங்களும் ஆவதால், பறவை பக்குவப்படும் காலமும் பண்டிகைக் காலமும் இயல்பாகவே ஒத்துப்போகின்றன.

கடைசி மூன்று வார ஓட்ஸ், தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து மாமிசத்துக்கு மென்மையும் ருசியும் தருகிறது. தொண்டையில் குழாய் செருகித் தீனியைத் திணிக்கும் கொடிய வழக்கம் போலந்தில் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. பறவை தன் இச்சைப்படியே தின்று கொழுக்கிறது. ஆனால் ஓட்ஸில் புரதச்சத்து நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். சுமார் 100 கிராம் எடையுடன் முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு எட்டே வாரங்களில் நான்கு கிலோவை எட்டும் அந்த அசுர வளர்ச்சிக்கு, முதல் தீனியில் ஏறக்குறைய இருபது பங்கு புரதம் வேண்டும். பிற்பாடு புல்லும் குளோவரும் மேய்ந்து தன் ஆகாரத்தில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும் பறவையானாலும், குஞ்சுப் பருவத்தில் அது புல்லை மட்டும் நம்பி வளர முடியாது. உடம்பைக் கட்டியெழுப்பும் இந்தப் புரதம், பிரேசிலிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் கப்பலேறி வரும் சோயாப் புண்ணாக்காகவே நெடுங்காலமாக இருந்துவருகிறது. சொந்த மண்ணின் ஓட்ஸைப் பெருமையாகச் சொல்லி விற்கும் பறவை, தன் உடம்பின் பெரும்பகுதிக்குச் சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள வயல்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

கடனைக் குறைக்க வழி போலந்து நாட்டு மணலிலேயே இருக்கிறது. போலந்து நிலத்தில் பெரும்பகுதி புளிப்புத்தன்மையுள்ள ஏழை மணற்பூமி. கோதுமை முகம் சுளிக்கும் அந்த இடத்தில் மஞ்சள் லூபின் என்னும் பயறுவகைச் செடி மகிழ்ச்சியாக வளர்வதோடு, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முண்டுகளில் பிடித்துவைத்து அடுத்த பயிருக்கும் உரமாக விட்டுச்செல்கிறது. விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை புரதம் உண்டு. முற்காலத்தில் இதன் கசப்பு நஞ்சு காரணமாகத் தீனிக்கு உதவாமல் இருந்தது. 1920-களின் இறுதியில் ஜெர்மானிய விஞ்ஞானி ரைன்ஹோல்ட் ஃபொன் ஸெங்புஷ், எண்ணிறந்த செடிகளைச் சோதித்துக் கசப்பு மிகக் குறைந்த சிலவற்றைக் கண்டெடுத்த பிறகே இனிப்பு லூபின் பிறந்தது. சோயாவைத் தீனியாக்க அதை வேகவைத்தோ வறுத்தோ பக்குவப்படுத்த வேண்டும்; இனிப்பு லூபினுக்கு அந்தச் சிரமமில்லை, அரைத்துக் கலந்தால் போதும்.

பட்டாணியும் ஃபாபா மொச்சையும் கடுகினத்துப் புண்ணாக்கும் இதற்குத் துணை நிற்கின்றன. மொச்சைத் தோலின் துவர்ப்பு செரிமானத்தைக் கெடுக்கும் என்பதால் துவர்ப்புக் குறைந்த ரகங்களைத் தேட வேண்டும். பயறுகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு என்பதால் அதைத் தனியே சேர்க்க வேண்டும். கடுகினப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகமாதலால் பயறோடு அதைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் சோயாவைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, வயது ஏற ஏற லூபினின் பங்கைக் கூட்டிப் போவதே என் அபிப்பிராயத்தில் விவேகமான முறை.

இவ்வளவு அனுகூலம் இருந்தும் லூபின் ஏன் சோயாவை விரட்டவில்லை என்றால், காரணம் பறவையின் வயிற்றில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது. தீனி ஆலைக்கு ஒரே தரத்தில் மலைமலையாகச் சரக்கு வேண்டும். விவசாயியோ சில மூட்டைகளைத்தான் கொண்டுவருகிறான், அதுவும் ஒரு வருஷம் விளைந்தால் மறுவருஷம் பொய்க்கிறது. மரபணு மாற்றிய தீனிக்குத் தடை விதித்து 2006-இல் போலந்து சட்டம் இயற்றியது. அயல்நாட்டுச் சோயாவில் பெரும்பாலானது அத்தகையதே என்பதால், தடை அமலுக்கு வரவேண்டிய நாள் நெருங்கும்போதெல்லாம் அதைப் பாராளுமன்றம் தள்ளிவைத்தே வந்திருக்கிறது. சொந்தமாக அரைவை இயந்திரம் வைத்திருக்கும் பண்ணைக்காரர் மட்டும் ஆலையையும் சட்டத்தையும் எதிர்பாராமல், தம் மணல் வயலின் லூபினைத் தாமே அரைத்துத் தொட்டியில் கொட்டலாம்.