வாய்விட்டுச் சொல்லாத முயல்

முயலுக்கு வருத்தம் வந்தால் அது வாய்விட்டுச் சொல்வதில்லை. பூனை கத்தும், நாய் முனகும், ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். முயலோ கூட்டின் மூலையில் கால்களை மடக்கி, கண்ணை அரைவாசி மூடி, உறங்குவது போலவே இருக்கும். காட்டில் அதைப் பிடித்துத் தின்னும் பிராணிகள் பல. பலவீனத்தைக் காட்டிக்கொண்ட முயல்தான் முதலில் இரையாகும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது. வீட்டில் வளரும் முயலும் அந்தக் குணத்தை விடவில்லை. "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, திடீரென்று செத்துப்போச்சு" என்று நாம் சொல்லும் முயல்களில் பல, ஒன்றிரண்டு நாளாகவே நோயுற்றிருந்தவை.

எங்கள் வீட்டில் இரண்டு வருடங்களாக ஒரு வெள்ளை முயல் வளர்கிறது. பஞ்சு என்று பெயர். அது ஒரு முறை கடுமையாக நோயுற்று மீண்டது. அப்போது மிருக வைத்தியரிடம் கேட்டதையும், பிறகு வாசித்து அறிந்ததையும், முயல் வளர்க்கும் தோழியருக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆட்டு வைத்தியம் முயலுக்கு ஆகாது

மன்னார்த் தீவில் ஆடு, மாடு வளர்த்துப் பழகிய மூத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எருக்கலம்பிட்டியில் எங்கள் உம்மும்மாவும் அப்படித்தான். ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன செய்வது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பஞ்சு சாப்பிடாமல் இருந்தபோது, "இஞ்சியும் ஓமமும் இடிச்சுப் பருக்கிவிடு மகள்" என்றுதான் சொன்னார். ஆனால் ஆட்டின் வயிறும் முயலின் வயிறும் ஒன்றல்ல.

ஆடும் மாடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துச் சமிக்கச் செய்கின்றன. முயலுக்கு இருப்பது ஓரறை இரைப்பை. புல் சிறுகுடலையும் கடந்து, குருட்டுக்குடல் எனப்படும் பெரிய பையைச் சேர்ந்த பிறகுதான் அங்குள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அங்கே உண்டாகும் சத்தை வீணாக்காமல் இருக்க முயல் ஒரு வழி வைத்திருக்கிறது. குருட்டுக்குடலிலிருந்து வரும் மென்மையான, சிறு திராட்சைக் குலை போன்ற எச்சத்தை அது தானே வாயால் எடுத்து விழுங்கிவிடும். அதைக் கண்டு அருவருக்கவோ தடுக்கவோ கூடாது. புரதத்தையும் பி வகை விற்றமின்களையும் முயல் அப்படித்தான் பெறுகிறது.

மன்னார்த் தெருக்களில் நாம் தினமும் காணும் கழுதைக்கும் சமிபாடு நடப்பது பின்குடலில்தான். வயிற்று விடயத்தில் முயல் ஆட்டை விடக் கழுதைக்கே கிட்டிய உறவு. இரண்டாலும் வாந்தி எடுக்க முடியாது. இரண்டும் வலியை மறைப்பவை. உணவை நிறுத்தினால் உடம்பின் கொழுப்பு கரைந்து இரத்தத்திலும் ஈரலிலும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாவதும் இரண்டுக்கும் பொது. வாகனத்தில் அடிபட்டும் காயப்பட்டும் கிடக்கும் கழுதைகளுக்காக 'பிரிட்ஜிங் லங்கா' அமைப்பு மன்னாரில் ஒரு கழுதை வைத்தியசாலையையும் கல்வி நிலையத்தையும் ஏற்படுத்தியது. யாருக்கும் சொந்தமில்லாமல் தெருவில் திரியும் பிராணிக்கே வைத்தியம் தேடும் ஊரில், நாமே கூட்டில் வைத்து வளர்க்கும் பிராணிக்கு வைத்தியம் தேடுவது மிகையாகாது.

பன்னிரண்டு மணித்தியாலம்

முயலின் குடல் எந்நேரமும் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அதை அசைய வைப்பது புல்லிலுள்ள நார். நார் குறைந்தாலோ, தண்ணீர் போதாவிட்டாலோ, பயம், வெப்பம், பல்வலி என்று ஏதாவது காரணத்தால் முயல் உண்பதைக் குறைத்தாலோ குடலின் அசைவு தளர்ந்துவிடும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும். வாயு சேரும். வாயு சேர்ந்தால் வலிக்கும், வலித்தால் முயல் இன்னும் உண்ணாது, உண்ணாவிட்டால் குடல் இன்னும் தளரும். இந்தச் சுழல் தானாக நிற்பது அரிது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலமாக ஒரு முயல் எதுவும் உண்ணவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசர நிலை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடாது.

பஞ்சுவுக்கு வந்ததும் இதுதான். ஒரு நாள் பின்னேரம் வைத்த கங்குன் கீரை அப்படியே கிடந்தது. சுபஹ் தொழுகைக்கு எழுந்து பார்த்தபோது கூட்டில் ஏழெட்டுப் புழுக்கைகள்தான் இருந்தன, அவையும் மிளகளவில். வழக்கமாகக் கடலையளவில் நிறையக் கிடக்கும். கிட்டப் போய்க் காது கொடுத்தால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. தடவிக்கொடுக்கும்போது முயல் மெதுவாகப் பல்லை உரசினால் அது சுகத்தின் அடையாளம். யாரும் தொடாமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு பலமாகக் கடித்தால் அது வலி. வாப்பா அன்று தொழிலுக்குப் போகவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து மன்னார் நகருக்குக் கொண்டுபோனோம்.

வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், குழாய் வைத்துக் குடலின் சத்தத்தைக் கேட்டார், வாயைத் திறந்து பற்களையும் பார்த்தார். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை அரைத்துத் தேய்க்காவிட்டால் கடைவாய்ப் பற்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். உண்ணாத முயலின் பற்களைப் பார்ப்பது அதனால்தான். குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றி, வலிக்கு ஓர் ஊசி போட்டார். வீட்டில் முயல் தீனியை ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகப் பருக்கச் சொன்னார். நேராகத் தொண்டைக்குள் பீச்சினால் சுவாசப்பைக்குள் போய்விடும். வயிறு கல்லுப் போல ஊதியிருந்தால் வைத்தியர் பார்க்கும் முன் எதையும் பருக்கக் கூடாது. உம்மும்மா முயலைத் துணியில் சுற்றி மடியில் பிடித்துக்கொள்ள, நான் பருக்கினேன். மறுநாள் அஸர் நேரத்தில் நாலு புழுக்கை விழுந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மும்மாதான் முதலில் சொன்னார். மூன்றாம் நாள் பஞ்சு தானாக அறுகம்புல்லைக் கடித்தது.

வைத்தியரிடம் போகும்போது

பிரதேசங்கள் தோறும் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் முக்கியமாக மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் நலனுக்காக ஏற்பட்டவை. முயல் அங்கே அடிக்கடி வரும் பிராணியல்ல. ஆகவே வைத்தியருக்கு நாம் கொண்டுபோகும் தகவல் மிகவும் பெறுமதியானது. கடைசியாக எப்போது உண்டது, என்ன உண்டது, எப்போது புழுக்கை போட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். கிடைத்த புழுக்கையைக் கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சமையலறைத் தராசில் கிழமைக்கொரு முறை நிறுத்து எழுதிய நிறையும் இருந்தால் மருந்தின் அளவைக் கணிக்க உதவும்.

கொண்டுபோகும் பெட்டியில் காற்றுத் துளைகள் வேண்டும். அடியில் வைக்கோல் பரப்பி, வெயில் ஏறும் முன் புறப்படுங்கள். காத்திருக்கும் இடத்தில் நாய் இருந்தால் தள்ளி வையுங்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சையும் மறு கை பின்பக்கத்தையும் தாங்க வேண்டும். பின்னங்கால்களின் பலம் அதிகம் என்பதால், பிடி சரியில்லாமல் உதறும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

மருந்துகளில் இரண்டு விடயங்களை நினைவில் வையுங்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகிச் சாவு நேரலாம். வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொடுக்க வேண்டாம். நாய்க்கு உண்ணிக்காகப் பூசும் 'பிப்ரோனில்' மருந்தும் முயலுக்கு நஞ்சு. காதுக்குள் பொருக்குத் தட்டிச் சொறிந்தால் அது காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு, அதன் அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இன்னும் சிறப்பான சிகிச்சை தேவைப்பட்டால் வைத்தியர் வேறிடத்துக்கு அனுப்பக்கூடும். இலங்கையில் மிருக வைத்தியப் பட்டப்படிப்புக்குரிய ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அங்கே போதனா மிருக வைத்தியசாலையும் உண்டு. ஆனால் மன்னாரிலிருந்து அது நீண்ட பயணம். வருத்தத்தோடு இருக்கும் முயலுக்கு அந்தப் பயணமே ஒரு பாரம். நோயை ஊரிலேயே முதல் நாளில் கண்டுபிடிப்பது அதனால்தான் இவ்வளவு அவசியம்.

வெயிலும் தீனியும்

வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தைச் சேர்ந்தவை. நம் பற்றைகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். வீட்டு முயலால் நம்மைப் போல வியர்க்க முடியாது. உடம்பின் சூட்டை முக்கியமாகக் காதுகளின் வழியாகவே வெளியேற்றும். வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் அதற்கு ஆபத்து. மன்னாரில் அந்த வெப்பம் நமக்குப் பழகிப்போன ஒன்று. தகரக் கூரையின் கீழ் கூட்டை வைக்காதீர்கள். கிடுகு நிழலும் கடற்காற்றும் படும் இடம் நல்லது. தண்ணீர் நிரப்பி உறையவைத்த போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டில் வைத்தால் முயல் அதன் அருகே படுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஈரத் துணியால் காதை ஒற்றி, உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். அறுகு போன்ற புல்லைக் கழுவிக் கொடுக்கலாம், நிழலில் உலர்த்தியும் சேர்த்து வைக்கலாம். கட்டுக்கரைக் குளத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் கிடைக்கும் வைக்கோல் படுக்கைக்கு நல்லது, ஆனால் புல்லுக்கு ஈடாகாது. கரட்டில் இனிப்பு அதிகம், சிறு துண்டு போதும். சோறு, பாண், பிஸ்கட் வேண்டாம். இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு, தொடர்ந்து கொடுத்தால் முயலின் முடி கொட்டும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு கிலோ நிறையுள்ள முயல் நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை குடிக்கும்.

வயிற்றோட்டத்தால் பின்பக்கம் நனைந்து அழுக்காக இருந்தால் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வைத்து முயலைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே காலையும் மாலையும் கூட்டைக் கூட்டும்போது அதன் பின்பக்கத்தையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த செய்தி. கூட்டில் இருக்கும் முயலும் அப்படித்தான். புல்லைத் தேடிப் போகவோ, நிழலைத் தேடிப் போகவோ அதற்கு வழியில்லை. அது தின்றதா, புழுக்கை போட்டதா என்று காலையிலும் மாலையிலும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தையும், அலுவலகம் மூடியிருக்கும் நாளில் யாரை அழைப்பது என்பதையும் இன்றே கேட்டறிந்து கூட்டின் மேலே ஒட்டி வையுங்கள். முயல் நோயுற்ற பிறகு தேடத் தொடங்கினால் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் பாதி தேடுவதிலேயே போய்விடும்.