பால்ரஸ் பதினெட்டு, கிரீஸ் ஒரு டப்பி!

உள்ளே வாங்க, வாங்க! வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, கிரீஸ் ஒட்டிக்கும். வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூருக்கு வெள்ளிக்கிழமை வர்ற கூட்டம் ஆட்டுச்சந்தையைப் பார்க்கட்டும். நாம எட்டிப் பார்க்கப் போறது சைக்கிள் கடையின் பின்பக்கத்தை. இங்கேதான் 'ஓவராயில்' நடக்குது!

வாசலில் வரிசை கட்டி நிற்பவை பெரும்பாலும் பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிள்கள். 2001-02ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. அக்கா ஓட்டி, தம்பி ஓட்டி, மழையில் நனைந்து இங்கே வந்து சேர்ந்திருக்கு.

உள்ளே தலைகீழாகக் கிடப்பது ஒரு 28 இன்ச் கறுப்பு சைக்கிள். பெல்லைத் தவிர எல்லாமே சத்தம் போடும் ரகம்! மட்கார்டு, செயின் கவர், பெடல் எல்லாம் மளமளவெனக் கழன்று விழுது. செயின் மண்ணெண்ணெயில் முங்க, எத்தனை மழைக்காலத்துச் சேறோ கறுப்பாகக் கரையுது. முன் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி 32, பின்னதுக்கு 40. ஏன் கூடுதல்? கேரியரில் ஏறும் நெல் மூட்டையும் மாமியாரும் அந்தச் சக்கரத்தின் தலையில்தானே!

இப்போ கிட்டே வாங்க. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ் குண்டுகள். கிரீஸைத் தடவி, பாயசத்தில் முந்திரி பதிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைக்கிறார் கடைக்காரர். கோனை இறுக்கினால் கரகரக்கும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். சரியாக அமைந்ததா? சக்கரத்தை மெல்ல விட்டுவிட்டுப் பாருங்க. வால்வின் எடைக்கே தானாகச் சுழன்று, ஊசலாடி, வால்வு கீழே வந்து நிற்குது. ஆஹா!

பம்பில் காற்று வரலையா? உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். சொட்டு எண்ணெய் விட்டு, ஓரத்தை விரலால் விரித்தால் புஸ்ஸென்று மூச்சு வருது. தோல் பதனிடும் ஜில்லாவில் தோலுக்கு வைத்தியம் தெரியாதா என்ன! டியூபில் காற்று நிற்கலையா? பஞ்சர் என்று பதறாதீங்க; சில நேரம் வெறும் வால் டியூப்தான் கிழிந்திருக்கும்.

பக்கத்து ஷெட்டில் ஒரு மாருதி 800. 1983ல் வந்து 2014ல் தயாரிப்பு நின்ற வண்டி. பழைய பாகம் தேடுபவர்கள் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவாங்க. பழைய வண்டி வாங்குபவர் கையில் துணி சுற்றிய காந்தம்! கதவில் ஒட்டாத இடத்தில் தகரத்துக்கு மேல் பட்டி பூசி மறைச்சிருக்காங்க.

"அண்ணா, பெயின்ட் அடிச்சிடலாமா?" என்கிறான் இந்தப் பக்கம் நம்ம சைக்கிள்காரப் பையன்.

"சும்மா இரு தம்பி! சுத்துறதுக்கும் நிக்கிறதுக்கும் மொதல்ல செலவு பண்ணு. மிச்சம் இருந்தா மினுக்கலாம்."

புது பிரேக் கட்டை ஏறுது. பெயின்ட் டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும். சந்தை ரோட்டில் ஆட்டைத் தாண்டி ஒரு ரவுண்டு போக பிரேக் போதும்!