மௌனம் சம்மதமாகுமா?

காரைக்குடியில் சேலைக் கடைக்காரர் ஒருவர், வாங்குவோரிடம் அபிப்பிராயச் சீட்டு நீட்டுகிறார் என்று கொள்வோம். மகிழ்ந்தவர் எழுதுவார், கொதித்தவரும் எழுதுவார். அரைமனதுடன் வாங்கியவர் சீட்டை மடித்துப் பையில் வைப்பார். விலை கேட்டுத் திரும்பிய ஏழைக்கோ சீட்டே கிடையாது. எனினும் ‘ஊரார் புகழ்கின்றனர்’ என்பார் கடைக்காரர்!

1936-ல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை இவ்வாறே ஏமாந்தது. தேர்தலை முன்னிட்டுச் சுமார் ஒரு கோடிச் சீட்டுகள் அனுப்பிற்று. டெலிபோனும் மோட்டாரும் உடையோர் ஜாபிதாக்களிலிருந்தே பெயர்கள் பெரிதும் எடுக்கப்பட்டன. திரும்பியவை சுமார் 24 லட்சம். லாண்டனுக்கே வெற்றி என்று அது முழங்கிற்று. ரூஸ்வெல்ட்டோ 48 ராஜ்யங்களில் 46-ஐக் கைப்பற்றினார்! லட்சக்கணக்கான விடைகளும் கேளாதவர் குறையை நிரப்பவில்லை.

நமது தேசத்தில், பேராசிரியர் மஹலனோபிஸ் முயற்சியால் 1950-ல் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வு வேறு வழி கண்டது. குலுக்கல் முறையில் வீடுகளைத் தெரிந்தெடுத்து, ஆளனுப்பி நேரில் விசாரிப்பதே அவ்வழி.

ஆதலின், ‘இதுவே ஜனங்களின் அபிப்பிராயம்’ என்று எவர் கூறினும், எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு நில்லாதீர். எவரைக் கேட்டீர், எவர் விடையளிக்கவில்லை என்றும் கேளுங்கள். ஜனநாயகத்தில் மௌனம் சம்மதமாகாது.