தொழுவத்துக் காலை நிழலில் காயப்போடுவது ஏன்?

இருக்கன்குடிக் கரிசலில் வெட்டிய கருவேலங்கட்டையைப் பச்சையாகவே தொழுவத்துக்குக் காலாக நட்டால் என்ன ஆகும்? வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும்.

மரத்தின் செல் குழிகளில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது கட்டை சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல் சுவரில் ஊறிய நீர் போகும்போதுதான் சுருக்கம் தொடங்கும். வெயிலில் மேல்புறம் முந்திச் சுருங்கும். ஈரமான உள்கட்டை விட்டுக்கொடுக்காது. விரிசல் விழும். அதனால்தான் நிழல்.

வெட்டுமுகம் வழியே ஈரம் வேகமாகப் போகும். அங்கே தார் பூசினால் நிதானப்படும். பட்டையை உரித்துவிட்டால் அதனடியில் வண்டு குடியேறாது. கீழே கல் கொடுத்து அடுக்கினால் காற்றோட்டம் கிடைக்கும்.

நட்டபின் முதலில் இற்றுப்போவது தரைமட்டம்தான். பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் காற்றும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன. வெளிறிய மேல்கட்டை சீக்கிரம் மக்கும். பூஞ்சைக்கு ஒவ்வாத பொருள்கள் ஊறிய வைரக்கட்டை தாக்குப்பிடிக்கும். கால் தேர்ந்தெடுக்கும்போது பருமனைவிட வைரத்தைப் பாருங்கள்.