இரண்டாவது தொலைகாட்டி

முதன்முதலாகத் தொலைகாட்டி ஒன்றை வாங்கியவர் சந்திரனின் மலைகளையும், வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களையும், சனியின் வளையத்தையும் கண்டு சில மாதங்கள் மகிழ்கின்றார். அதன்பின் அவர் மனத்தில் ஒரு குறை எழுகின்றது. நூல்களில் ஒளிர்ந்து விளங்கும் நெபுலங்களும் விண்மீன் கொத்துக்களும் தம் கருவியில் மங்கிய புகைபோலத் தோன்றுவது ஏன் என எண்ணுகின்றார். இதனினும் பெரிய கருவி வேண்டுமென்ற விருப்பம் இவ்வாறே பிறக்கின்றது. விருப்பம் நியாயமானதே. ஆயினும், எதனைப் பெரிதாக்க வேண்டும் என்பதை அறியாது பணத்தைச் செலவிட்டு ஏமாறுவோர் பலர். ஊவா மலைச்சரிவில், ஹல்துமுல்லை போன்றதோர் ஊரில், மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாம் முறையும் ஏமாற இடமில்லை.

கடைப் பெட்டிகளின்மேல் ‘500 மடங்கு பெருக்கும்’ என்பது போன்ற விளம்பரங்களைக் காணலாம். அவற்றை நம்பி ஒரு கருவியைத் தெரிவு செய்தலாகாது. பொருள்வில்லையின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். 700 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள குழாயில் 20 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டைப் பொருத்தினால் 35 மடங்கு. 4 மில்லிமீற்றர்த் துண்டைப் பொருத்தினால் 175 மடங்கு. துண்டை மாற்றி எண்ணை உயர்த்துவது எளிது. உருவம் தெளிவாக இருக்குமா என்பதே வினா. வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து அதனை இரட்டித்தால் வரும் எண்ணே பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லை என்பது பொதுவிதி. 60 மில்லிமீற்றர் வில்லைக்கு அவ்வெல்லை 120. அதற்கு மேற்சென்றால் உருவம் பெருக்கும், தெளிவு பெருகாது.

ஆகவே பெரிதாக வேண்டியது விட்டமே. ஒரே மழையில் ஒரு செம்பையும் ஓர் அண்டாவையும் முற்றத்தில் வைத்தால் எதில் நீர் மிகுதியாகச் சேரும் என்பதை யாவரும் அறிவர். தொலைகாட்டியும் ஒளியை ஏந்தும் பாத்திரமே. ஏந்தும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆடி, 60 மில்லிமீற்றர் வில்லையைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டும். 200 மில்லிமீற்றர் ஆடி 11 மடங்கு திரட்டும். இதனாலேயே முன்னர்ப் புகையாகத் தெரிந்தது பின்னர்த் தனித்தனி விண்மீன்களாகப் பிரிகின்றது.

எல்லாக் குறையும் கருவியினதன்று என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சனியின் வளையங்கள் பூமியை நோக்கி விளிம்பாகத் திரும்பின. அதனையடுத்த காலத்தில் மெல்லிய கோடாகவே வளையத்தைக் கண்டவர் தம் தொலைகாட்டியைப் பழித்தல் பொருந்தாது. அவ்வாறே காற்று மண்டலம் கலங்கியிருக்கும் இரவில் எத்துணைப் பெரிய கருவியும் கோள்களைத் தெளிவாகக் காட்டாது.

அடுத்து ஆராய வேண்டியது கருவியைத் தாங்கும் நிலை. துருவ அச்சுத் தாங்கி என ஒன்று உண்டு. விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதைத் தொடர்ந்து செல்வதற்கு அது வசதியானது. ஆனால் அதன் அச்சு வானத் துருவத்தை நோக்க வேண்டும். வானத் துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் உள்ளதோ, அதுவே அவ்விடத்தின் அகலக்கோடு. ஹல்துமுல்லை வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. அங்கே துருவ நட்சத்திரம் அத்துணைத் தாழ்வாகவே நிற்கும்; வடக்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடர் அதனை மறைத்துவிடும். குளிர்நாடுகளுக்கென ஆக்கப்பட்ட தாங்கிகளிற் சில இத்துணைத் தாழ்வாகச் சாய்வதற்கும் இடந்தருவதில்லை. ஆகவே விலை மிகுந்த அப்பொறி இவ்வூர் முற்றத்தில் எதிர்பார்த்த பயனைத் தராது.

இதற்கு மாற்று வழியைக் காட்டியவர் யோன் டொப்சன் என்பவர். 1915இல் பீக்கிங் நகரிற் பிறந்த இவர், 1944இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள வேதாந்த மடத்திற் சேர்ந்து 1967 வரை துறவியாக வாழ்ந்தார். கையிற் பொருளில்லாத அவர் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். மரப்பலகைப் பெட்டியொன்றைத் தாங்கியாக அமைத்தார். மேலும் கீழும், இடமும் வலமுமாகக் கையால் தள்ளிச் செலுத்தும் அவ்வமைப்பு இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதற்குத் துருவத்தைத் தேட வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. செலவிடும் பணத்திற் பெரும்பகுதி ஆடிக்கே சேர்கின்றது. எனவே இரண்டாவது தொலைகாட்டியை நாடுவோருக்கு, 150 அல்லது 200 மில்லிமீற்றர் ஆடி கொண்ட டொப்சன் வகைத் தெறிப்புத் தொலைகாட்டியே ஏற்றது. எனினும் 200 மில்லிமீற்றர்க் கருவி ஏறத்தாழ 20 கிலோகிறாம் நிறையுடையது. லயத்து வாசலிலிருந்து பிரட்டுக்களம் வரை படியேறித் தூக்கிச் செல்ல இயலுமா என்பதை வாங்குமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூக்க முடியாத பெரிய கருவியைவிட, இரவுதோறும் வெளியே வரும் சிறிய கருவி மேலானது.

வடக்கை மறைக்கும் மலை, தெற்கைத் திறந்து வைத்திருக்கின்றது. ஹல்துமுல்லைச் சரிவிலிருந்து நோக்கினால் தாழ்ந்த சமவெளி தென்கடல் நோக்கி விரிந்து கிடக்கும். அத்திசையில் ஏப்பிரல், மே மாத இரவுகளில் தென் சிலுவையும், கரீனா நெபுலமும், ஒமேகா சென்ரோரி என்னும் மாபெரும் கோளக் கொத்தும் உயர்கின்றன. இக்கொத்து ஹல்துமுல்லையில் 36 பாகை உயரம் வரை ஏறும். லண்டனிலோ அது உதிப்பதே இல்லை. சிறு கருவியில் பஞ்சுத் துண்டுபோலத் தெரியும் அது, 200 மில்லிமீற்றர் ஆடியில் எண்ணற்ற விண்மீன் துகள்களாகச் சிதறித் தோன்றும். புதிய கருவி தன் விலைக்கு ஈடுசெய்வது இக்காட்சியிலேதான்.

இருக்கும் இடத்தின் சிறப்பை அறிந்து பயன்படுத்தியவருக்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 1867இல் கொழும்பிற் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்னும் இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் 12½ அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியை வைத்து வியாழனை ஆராய்ந்தார். 1901இல் வியாழன் தனுசு இராசியில் இருந்தமையால் இங்கிலாந்தில் அடிவானத்தை ஒட்டியே தென்பட்டது. திருகோணமலையிலோ உயர்ந்து விளங்கியது. அவ்வாண்டு பெப்ரவரியில், அக்கோளின் தென்பகுதியில் தோன்றிய பெருங்கலக்கம் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1908இல் அவர் மறைந்தார். செவ்வாயிலுள்ள பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகின்றது.

மலைநாட்டில் கருவியைப் பேணுவதும் தனிக்கலையே. மூடுபனியின் ஈரம் ஆடியிலும் வில்லையிலும் பூஞ்சணத்தை வளர்க்கும். ஆதலால் ஈரமுள்ளபோது மூடியிட்டு வைக்கலாகாது. உலர்ந்தபின் மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைத்தல் வேண்டும். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்னரே கருவியை வெளியே வைத்தால் ஆடி குளிர்ந்து உருவம் நிலைபெறும். இரண்டு ஆடிகளும் நேராக அமைந்துள்ளனவா என்பதையும் இடையிடையே சோதித்தல் வேண்டும். எக்கருவியையும் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. மலிவான பெட்டிகளோடு வரும், பார்வைத்துண்டிற் பொருத்தும் சூரியக் கண்ணாடிகள் வெப்பத்தால் வெடிக்கக்கூடியவை. ஒரு கணத்திற் கண்ணொளியை இழக்க நேரும். அவற்றைக் குழந்தைகள் கைக்கு எட்டாது எறிந்துவிடுதல் வேண்டும்.

பணம் போதாதோர் வருந்த வேண்டுவதில்லை. உறுதியான தாங்கியும், நல்ல பார்வைத்துண்டு ஒன்றும், 50 மில்லிமீற்றர் வில்லைகள் கொண்ட இருகண்நோக்கியும் இருந்தால் பழைய கருவியே பல காலம் உதவும். புதியது வந்தபின்னும் அதனை மூலையிற் போடாது அயல்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால், கார்த்திகை மீன்களைக் கூர்ந்து எண்ணும் கண்கள் அந்த லயத்தில் இன்னும் இரண்டு கூடும்.