உங்களுக்குத் தெரியுமா? மருந்தின்றி மறைந்த ஈறு நோய்

டென்மார்க் தேசத்து ஆர்ஹூஸ் நகரில், ஈறு நலமாயிருந்த 12 பேர் ஆராய்ச்சியின் பொருட்டுப் பல் துலக்குவதை அறவே நிறுத்த, 10 முதல் 21 தினங்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி கண்டது என்பதும், மீண்டும் துலக்கத் தொடங்கியதும் மருந்தொன்றுமின்றியே அது நிவர்த்தியாயிற்று என்பதும் 1965-இல் வெளியான உண்மை.

• ஈறு நோயின் முதல் லட்சணம் வலியன்று. துலக்கும்போது கசியும் இரத்தம், சிவந்து தடித்த ஈறு, நீங்காத வாய் நாற்றம் ஆகியவையே. அசட்டை செய்தால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்தது தானாக மீளாது.

• பீடி, சிகரெட் பிடிப்போர் ஈற்றில் இரத்தம் குறைவாகவே கசியும். அது ஆரோக்கியமன்று, புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கி நோயை மறைக்கிறது. இதுவே மிகவும் கவலைக்குரியது.

• நீரிழிவு உள்ளவர்க்கு ஈறு நோயின் அபாயம் அதிகம்.

• ஜவ்வாது மலைச் சாரலில் அமிர்தியைச் சூழ்ந்த கிராமங்களில் வேப்பங்குச்சி கைக்கெட்டும் சாதனம். நுனியை மென்று பஞ்சுபோலாக்கி, ஈற்றோரம் மெதுவாகத் தேய்த்தால் அழுக்குப் படலம் அகலும். செங்கற்பொடியும் கரித்தூளும் வேண்டா. அவை பல்லையும் ஈற்றையும் அராவிவிடும்.

• பல்லில் கல்லாய் இறுகிய காரையை மட்டும் எந்தக் குச்சியும், எந்தப் பிரஷ்ஷும் அகற்றா. அதற்குப் பல் வைத்தியரே வேண்டும். அமிர்தியிலிருந்து கணியம்பாடி வழியே வேலூர் செல்வோர்க்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது; ஈற்றில் இரத்தம் கண்டால், வலி வரும்வரை காத்திராமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.